கிணற்றுக்குள் இருந்த பியோன்

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் செட்டிகுளத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான், மனைவி, மாமி என மூன்று பேர். நான் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மாமி என்பது என் மனைவியின் தாய். முல்லைத்தீவுக் கரையில் முப்பது வருடம் மீன் விற்றவர். கடலை விட்டு வந்து வருடக்கணக்காகியும், அலைச் சத்தத்துக்கு மேலால் பேசுகிற பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. குசினிக்குள் இருந்து அவர் "தம்பி, தேத்தண்ணி" என்று கூப்பிட்டால் பக்கத்து வளவிலும் யாராவது எழும்பி நிற்பார்கள்.

மாமியின் மூத்த மகள் கனடாவில் இருந்தாள். தான் வாங்கிய புதுக் காரைக் காட்டுவதற்காக அவள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மாமி காரைப் பார்க்கவேயில்லை. காருக்குப் பின்னால், வேலியோரம், முட்டைக்கோவா அளவில் ரோஸ் நிறப் பூக்கள் குலுங்கிக்கொண்டு நின்றன. மாமி படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணுக்கு மூன்று அங்குலத்தில் வைத்துப் பார்த்தார்.

"உந்தப் பூ என்னெண்டு கேட்டு எழுது பிள்ளை. ஒரு கிளை முறிச்சு அனுப்பேலுமோ எண்டும் கேள்."

மனைவி எழுதினாள். பதில் வந்தது. அது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவியின் செடியாம். பெயர் பியோனியாம். கிழவியின் தாய் நட்டது, வயது அறுபதுக்கு மேல். கிளை முறித்து நட முடியாது, கிழங்கைப் பிரித்துத்தான் நடவேண்டும். அம்மாவின் ஆசையைச் சொன்னதும் கிழவி உருகிப்போய், மண்வெட்டியைத் தானே எடுத்துவந்து ஒரு துண்டு பிரித்துக் கொடுத்திருக்கிறார். இலங்கையில் பியோனி பூத்தால் தனக்கு ஒரு படம் வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே வேண்டுகோள்.

ஐப்பசியில் கனடாவிலிருந்து ஒரு கலியாணத்துக்கு வந்தவர் அந்தக் கிழங்கைக் கொண்டுவந்து தந்தார். கம்பளிச் சொக்ஸ் ஒன்றுக்குள் அதைப் போட்டிருந்தார்கள். விமான நிலையத்தில் அவர் அதை இஞ்சி என்று சொன்னாராம். வவுனியாச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் சொக்ஸை வாங்கி மணந்து பார்த்துவிட்டு, வேறு எதையும் திறக்காமல் போகச் சொன்னானாம்.

மாமி கிழங்கை வெளியே எடுத்தார். ஐந்து விரல் உள்ள கறுத்த கை ஒன்று போலிருந்தது. மணிக்கட்டு இருக்கவேண்டிய இடத்தில் மூன்று சிவந்த முளைகள். பாரைமீனை அமத்திப் பார்ப்பது போலப் பெருவிரலால் ஓரிடத்தில் அமத்திப் பார்த்தார்.

"பழுதில்லை. புதுச் சாமான்."

கூடவே ஒரு கடிதமும் இருந்தது. மனைவி சத்தமாக வாசித்தாள். முளைகள் மேலே பார்க்க நடவேண்டும், இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் புதைக்கக்கூடாது. புதைத்தால் பூக்காது. ஒருமுறை நட்டால் இடம் மாற்றக்கூடாது, மாற்றினால் கோபித்துக்கொண்டு இரண்டு மூன்று வருடம் பூக்காமல் இருக்கும். மொட்டில் எறும்பு வரும், கலைக்கக்கூடாது. எல்லாவற்றிலும் முக்கியம் குளிர். குளிர்காலத்தில் நன்றாக உறங்கினால்தான் அது எழும்பும். மற்றப்படி பயப்படத் தேவையில்லை, சரியான வைரம் பாய்ந்த செடி, மைனஸ் முப்பதிலும் சாகாது.

"மைனஸ் எண்டால் என்ன தம்பி?" என்று மாமி கேட்டார்.

நான் விஞ்ஞான ஆசிரியன். தண்ணீர் ஐஸாகிற இடம் பூச்சியம் என்றும், அதற்குக் கீழே முப்பது படி இறங்கினால் மைனஸ் முப்பது என்றும் விளக்கினேன்.

"அப்ப ஐஸ் அதுக்குச் சூடு."

"ஒரு வகையிலை ஓம் மாமி."

"இங்கை இப்ப எத்தினை?"

"முப்பத்தி மூண்டு."

மாமி கிழங்கைப் பார்த்தார். மருமகனான என்னைப் பார்த்தார். "மைனஸிலை சாகாதது பிளஸிலை சாகுமே?" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

நட்டது வாசலுக்கு நேரே, சரியாக இரண்டு விரல் ஆழத்தில். குளிருக்கு மாமியிடம் வழி இருந்தது. மன்னாரிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு போகிற லொறிகள் எங்கள் சந்தியில்தான் தேத்தண்ணீருக்கு நிற்கும். மாமி ஒரு பேசினோடு போய் நின்றார். முதல்நாள் சாரதி மறுத்தான். மாமி லொறியின் பின்பக்கம் போய்ப் பார்த்து, அவன் எந்தெந்த மீனைக் கீழே போட்டிருக்கக்கூடாது, எந்தப் பெட்டிக்கு ஐஸ் காணாது, மதவாச்சி தாண்ட முன்னர் எது நாறப்போகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அன்றிலிருந்து சாரதி இறங்கி வந்து தானே பேசினை நிரப்பிக் கொடுத்தான்.

அந்த ஐஸைக் கிழங்கைச் சுற்றிக் கொட்டினோம். பத்தரைக்குக் கொட்டினால் பதினொன்றரைக்குத் தண்ணீர். நான் பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலிருந்து வெப்பமானி ஒன்றை இரவல் கொண்டுவந்து மண்ணில் குத்திப் பார்த்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மலைக்குளிர் நுவரெலியா, பிறகு பழையபடி செட்டிகுளம். ஐஸ் போகும், அதிலிருந்த மீன் வெடில் போகாது. நான்காம் நாள் பூனைகள் வந்தன. எங்கள் ஒழுங்கையில் இவ்வளவு பூனைகள் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. ஏழு பூனைகள் கிழங்கைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, நற்கருணை ஆராதனைக்கு வந்த சனம்போல அசையாமல் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தன. எட்டாவதாக வந்த நாய்தான் கிண்டியது. மாமி விளக்குமாற்றோடு பாய்ந்திருக்காவிட்டால் கனடாக் கிழங்கு அன்றே முடிந்திருக்கும்.

மாமி கிழங்கைத் தோண்டி எடுக்கக் குனிந்தபோது, "இடம் மாத்தக்கூடாது எண்டு அக்கா எழுதினவள்" என்று மனைவி நினைவூட்டினாள்.

"நாய் தின்னக்கூடாது எண்டது எழுதாமலே தெரியும்" என்றார் மாமி.

இந்த வளவில் எந்நேரமும் குளிர்ச்சியாக இருக்கும் இடம் எது? அதைக் கண்டுபிடித்தவன் நான் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும். கிணறு என்று சொன்னேன். மாமி என்னை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார். ஒரு மண்முட்டியில் மணலும் எருவும் போட்டு, கிழங்கை வைத்து, கழுத்தில் கயிறு கட்டித் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே தொங்கவிட்டோம். நாய் எட்டாது, வெயில் படாது, எந்நேரமும் சில்லென்று இருக்கும். கப்பியில் வாளிக் கயிறு, பக்கத்துத் தூணில் முட்டிக் கயிறு.

யாராவது மாறி இழுத்துவிடாமல் ஒரு துண்டு எழுதிக் கட்டவேண்டும் என்று மாமி சொன்னார். தானே எழுதினார். அந்தச் செடியின் பெயரில் கடைசி எழுத்து மாமியின் வாய்க்கு ஒருநாளும் அகப்படவில்லை. வந்த நாளிலிருந்தே அவர் அதைப் பியோன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கொப்பித் தாளில் சிவப்பு மையால் பெரிதாக இப்படி எழுதி, பொலித்தீனில் சுற்றி முட்டியின் கழுத்தில் கட்டினார்:

"பியோன். வெளியில் எடுத்தால் செத்துப்போவார்."

"மாமி, செடிக்கு 'செத்துப்போகும்' எண்டு எழுதினால் காணும்" என்றேன்.

"அறுவது வயசுச் செடி தம்பி. மரியாதை வேண்டாமே?"

இரண்டு கிழமை, அதாவது பதினான்கு நாள், எல்லாம் நன்றாகப் போனது. ஒரு சனிக்கிழமை காலை எங்கள் பள்ளிக்கூட அதிபர் வீட்டுக்கு வந்தார். புதுப் பாட நேரசூசி பற்றிக் கதைக்கவேண்டும் என்றார். சைக்கிளில் வந்த களைப்பு. முகம் கழுவிவிட்டு வாறன் என்று கிணற்றடிக்குப் போனார். நான் கதிரையைத் துடைத்து வைத்தேன். மனைவி தேத்தண்ணீர் போட்டாள். கிணற்றடியிலிருந்து கயிறு இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

அதிபர் திரும்பி வந்தபோது முகம் நனையவில்லை. கதிரையில் உட்காரவில்லை. தேத்தண்ணீரைப் பார்த்து, "இப்பத்தான் குடிச்சனான்" என்றார். நேரசூசி பற்றித் திங்கட்கிழமை கதைப்போம் என்று சொல்லிக்கொண்டே சைக்கிளை உருட்டாமல் தூக்கிக்கொண்டு படலைவரை போனார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லாரும் என்னிடம் அன்பாக இருந்தார்கள். இரண்டு வருடமாக நான் கேட்டும் கிடைக்காத வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாட ஓய்வு எனக்குக் கிடைத்தது. மார்கழி மழைக்கு என் குடையை இரவல் வாங்கி மறுமாரிவரை தராதிருந்த ஆங்கில ரீச்சர், அதைத் துடைத்து மடித்து என் மேசையில் வைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். ஆசிரியர் அறையில் என் பக்கத்துக் கதிரை எப்போதும் வெறுமையாக இருந்தது. ஏதோ என் அருமை கடைசியில் இவர்களுக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். இதை வீட்டிலும் சொன்னேன்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற, கடிதம் கொண்டுதிரிகிற பியோன் மட்டும் என்னைக் கண்டால் வெளிறிப்போனார். அவர் மலையகத்துக்காரர். பெற்றோர் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுபதுகளில் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். நாற்பது வயது மனிதர், வெண்கட்டி அலுமாரியின் பூட்டும் திறப்பும் அவரிடம்தான். ஒரு ஆசிரியருக்குக் கரும்பலகையில் எழுத ஒரு நாளைக்கு ஒரு வெண்கட்டி, அதுவும் பழைய துண்டைக் காட்டினால்தான் தருவார். அப்படிப்பட்டவர் அந்தக் கிழமை உடைக்காத வெண்கட்டிப் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் என் மேசையில் வைத்துவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து போனார்.

அடுத்த கிழமை வியாழக்கிழமை பின்னேரம் அவர் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவியின் கையில் ஒரு பையில் கண்ணூறு கழிக்கிற தேசிக்காய். இரண்டு பேரும் விறாந்தையில் ஏறாமல் முற்றத்தில் நின்றார்கள்.

"சார், நா ஏதும் தப்பு பண்ணிருந்தா நேரா சொல்லிருங்க சார். வெண்கட்டி தர மாட்டேன்னு சொன்னது என் வேல சார். அதுக்காவ இப்புடி கெணத்துக்குள்ள எறக்கிட்டீங்களே."

"ஆரை?"

"என்னயதான் சார்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருடைய மனைவி அழத் தொடங்கினார். "ரெண்டு வாரமா வயித்து வலிங்க. தண்ணி கூட எறங்கல. அதிபர் ஐயா பாத்திருக்காரு. மந்திரிச்ச முட்டி, கருத்த கையி, செவப்பு மையில இவரு வேலய எழுதி, வெளிய எடுத்தா செத்துப்போவாருன்னு..."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நேரசூசி, குடை, வெண்கட்டிப் பெட்டி எல்லாம் சேர்ந்து விளங்கின. ஒரு ஊர் முழுக்க என்னைச் செய்வினைக்காரன் என்று நினைத்துப் பத்து நாளாகிறது. அதுவும் பியோனுக்குச் செய்வினை செய்த விஞ்ஞான மாஸ்டர்.

நான் வாயைத் திறக்க முன்னர் மாமி உள்ளே இருந்து வந்துவிட்டார். கதை முழுவதையும் அவர் குசினியிலிருந்தே கேட்டிருக்கவேண்டும்.

"வயித்துவலி எப்ப தொடங்கினது?"

"தீவாளிக்கு மறுநாளுங்க."

"தீவாளிக்கு என்ன சாப்பிட்டனீர்?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவிதான் சொன்னார். "ஆட்டெறச்சிங்க. மூணு வேளயும்."

"அப்ப உமக்குச் செய்வினை செய்தது ஆடு" என்றார் மாமி.

அவரை விறாந்தையில் இருத்தி, ஓமத் தண்ணீர் கொடுத்து, கனடாக் கடிதத்தை என் மனைவி முழுதாக வாசித்துக் காட்டினாள். அவர் கடிதத்தைத் தன் கையில் வாங்கித் தானும் வாசித்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார். "பியோனி" என்று இருந்தது.

"அப்ப நா இல்லீங்களா?"

"நீரில்லை."

"பூங்களா?"

"பூ."

கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகும் எழும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "எதுக்கும் அத வெளிய எடுத்து மண்ணுல வச்சிருங்க சார். பேரு ஒண்ணாத்தான இருக்கு."

"இடம் மாத்தக்கூடாது" என்று மனைவி தொடங்கினாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

முட்டியை அவரே மேலே இழுத்தார். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு அவரைப் பார்த்தோம். முட்டி வெளியே வந்தது, அவர் சாகவில்லை. கிணற்றுக்குப் பின்னால், உடுப்புத் தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில், பலா மர நிழலில் ஓரிடம் பார்த்தார். எந்நேரமும் ஈரம் கசியும் இடம். அங்கே குடைமாதிரி ஏதோ ஒரு செடி பழுத்துச் சாய்ந்து கிடந்தது. அதை இழுத்து எறிந்துவிட்டுக் கிடங்கு வெட்டினார். இன்னும் ஆழமாக வைக்கவேண்டும் என்று அவர் சொல்ல, இரண்டு விரல்தான் என்று மாமி நிற்க, கடைசியில் மாமியின் இரண்டு விரல் வேண்டாம், தன்னுடைய இரண்டு விரல் என்று அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய விரல்கள் தடித்தவை.

அடுத்த கிழமை அவருக்கு வயிற்றுவலி சுகமாகிவிட்டது. அதிபர் தேத்தண்ணீர் குடிக்கத் தொடங்கினார். என் வெள்ளிக்கிழமை ஓய்வு பறிபோய்விட்டது.

ஆனால் பியோனின் மனதில் ஒரு துளி பயம் தங்கிவிட்டது போலிருக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பள்ளிக்கூடம் விட்டதும் வருவார். "எப்புடிங்க இருக்காரு?" என்று கேட்டுக்கொண்டே கிணற்றடிக்குப் போவார். குந்தி உட்கார்ந்து மண்ணைப் பார்ப்பார். தேயிலைச் சாயம் கொண்டுவந்து ஊற்றுவார். அவருக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்தால் செடிக்கு என்ன ஆச்சு என்று தன் மனைவியை அனுப்பிக் கேட்பார். தையிலும் மாசியிலும் ஒரு அசைவும் இல்லை. கனடாவிலிருந்து "முளைத்ததா?" என்று கடிதம் வந்தது. "நல்ல நித்திரை" என்று எழுதச் சொன்னார் மாமி. பங்குனியில் இன்னொரு கடிதம். "இன்னும் நித்திரை."

சித்திரையில் முதல் மழை பெய்து மூன்றாம் நாள். காலை, உடுப்புத் தோய்க்கப் போன மாமியின் குரல் கேட்டது.

"தம்பீ! எழும்பிட்டார்!"

ஓடிப்போனோம். மண்ணைப் பிளந்துகொண்டு ஊதாவும் பச்சையுமாக ஒரு மொட்டு நின்றது. சின்ன மொட்டில்லை, ஒரு கைமுட்டி அளவு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே பெருப்பது போலிருந்தது. மறுநாள் தேங்காய் அளவு. அதற்கு அடுத்தநாள் சுருக்குச் சுருக்காக இதழ் மடிந்து, கோவாவேதான். இலை ஒன்றும் இல்லாமல் நேரே மண்ணிலிருந்து பூ வருவதைப் பற்றி நான் கொஞ்சம் யோசித்தேன். கடிதத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. ஆனால் மாமியின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பியோன் தன் பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்து காட்டினார். அவர் அந்தக் கிழமை முழுக்க எல்லாருக்கும் கேட்டபடி வெண்கட்டி கொடுத்தார்.

சனிக்கிழமை பின்னேரம் பூ விரிந்தது. கருஞ்சிவப்பு. ஒரு சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிய இதழ், நடுவில் மூளைமாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு பெரிய குமிழ்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் ஏதோ செத்துக் கிடக்கிற நாற்றம். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைக் கூரைக்குள் ஏற்றினாள். எலி தேடினேன். அலுமாரியை நகர்த்தினேன். மாமி, ஐஸ் கொட்டிய இடத்தில் ஏதும் மீன் கிடந்திருக்கும் என்று முற்றத்தைக் கொத்தினார். தேடித் தேடிப் போகப்போக நாற்றம் எங்களைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் விட்டது. பூவைச் சுற்றி ஈக்கள் மேகமாக நின்றன.

நான் மெதுவாகச் சொன்னேன். "மாமி, பூதான் நாறுது."

மாமி சேலைத் தலைப்பால் ஈக்களைக் கலைத்தார். "வெள்ளைக்காரற்றை பூ. அவைக்கு இது வாசம். சீஸ் தின்னுற சனமல்லே."

"கடிதத்திலை எறும்பு வருமெண்டுதானே கிடந்தது. இது ஈ."

"கனடாவிலை ஈ குறைவு."

அன்று மாதா கோயிலில் பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்குகிற முதல் நன்மை. படம் எடுக்க வவுனியாவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பூசை முடிந்ததும் மாமி அவரைக் கையில் பிடிக்காத குறையாக வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். மாமி ரோஸ் சேலையில் ஒரு பக்கம், பியோன் வெள்ளைச் சேட்டில் மறுபக்கம், நடுவில் பூ. "சிரியுங்கோ" என்றார் படம் எடுப்பவர். வாயைத் திறந்தால் நாற்றம் உள்ளே போகும். இரண்டு பேரும் உதட்டை இறுக்கிக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட நின்றார்கள். படத்தில் அது ஆனந்தக் கண்ணீர் மாதிரி விழுந்திருந்தது. படம் கனடாவுக்குப் போனது.

நான் என் பங்குக்கு வெப்பமானியை எடுத்துவந்து பூவின் நடுவில் வைத்துப் பார்த்தேன். சுற்றியிருந்த காற்றை விடப் பூ கொஞ்சம் சூடாக இருந்தது. குளிர் தேடிக் கிணற்றுக்குள் இறங்கியவருக்குக் காய்ச்சலோ என்று பியோன் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வீட்டுச் சொந்தக்கார அம்மா வந்தார். செட்டிகுளத்திலேயே பிறந்து வளர்ந்தவர், இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தார். நாற்றம் பற்றி அயலவர்கள் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு நேரே கிணற்றடிக்குப் போனார். நாங்கள் கம்பிக் கூடு கட்டி, மேலே ஓலை வேய்ந்து, பக்கத்தில் மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்த பூவைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"உந்தக் கருணைக்கிழங்குக்கு ஏன் கூடு கட்டி வைச்சிருக்கிறியள்?"

மனைவி மெழுகுதிரியை ஊதி அணைத்தாள்.

"மூண்டு வருசத்துக்கு முந்தி நான் நட்டது. முந்தி இதிலை குடைமாதிரி ஒண்டு நிண்டதே, நீங்கள் காணேல்லையோ? கிண்டாமல் விட்டால் இப்பிடித்தான் பூத்து நாறும். கிண்டுங்கோ, நாலு வீட்டுக்குக் கறி."

செய்தி கேட்டுப் பியோன் மண்வெட்டியோடு வந்தார். கிண்டினால் பேசின் அளவில் ஒரு கருணைக்கிழங்கு. அதன் தோளில் கை போட்டதுபோல, ஒட்டிக்கொண்டு கிடந்தது கனடாக் கிழங்கு. கறுப்புக் கை, ஐந்து விரல், மூன்று சிவந்த முளை. ஆறு மாதத்தில் அது செய்தது ஒன்றுமில்லை. வளரவுமில்லை, அழுகவுமில்லை. மாமி நகத்தால் சுரண்டினார். உள்ளே வெள்ளையாக, ஈரம் காயாமல் இருந்தது.

"சாகேல்லை" என்றார் மாமி.

"சாகலீங்களா?" என்று பியோன் கேட்டார். இரண்டாம் முறையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

கருணைக்கிழங்கை நான்கு பங்காக வெட்டினோம். எவ்வளவு புளி விட்டும் தொண்டை அரித்தது. மறுநாள் நானும் பியோனும் பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கச் செருமிக்கொண்டு திரிந்தோம். அதிபர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஒரு மாதத்தில் வவுனியாவில் ஒரு தொலைபேசிக் கடைக்கு மகளின் அழைப்பு வந்தது. மாமி பேசினால் தொலைபேசி தேவையில்லை என்று கடைக்காரர் சொன்னார். படம் போய்ச் சேர்ந்துவிட்டதாம். வெள்ளைக்காரக் கிழவி அதைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டாவாம். வெப்ப நாட்டில் தன் தாயின் பியோனி இவ்வளவு பெரிதாக வரும் என்று கனவிலும் நினைக்கவில்லையாம். பூ வளர்க்கிற சங்கத்தில் எல்லாருக்கும் காட்டினாவாம். பக்கத்தில் நிற்கிற இரண்டு பேரும் சந்தோசத்தில் அழுவதைப் பார்த்துத் தானும் அழுதாவாம்.

மாமி கடையின் மர வாங்கில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஓம் பிள்ளை" என்றார் மாமி தொலைபேசியில். "இங்கத்தை மண் அப்பிடி."

அடுத்த சனிக்கிழமை இந்தப் பொய்க்காகக் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தார். சுவாமியார் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் இருந்து சத்தமாகச் சிரித்துவிட்டார் என்றும், அப்படிச் சிரித்தால் மன்னிப்புச் செல்லுமோ என்றும் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார்.

அந்த வருடக் கடைசியில் வவுனியாவில் ஒரு ஆசிரியப் பயிற்சிக்குப் போயிருந்தேன். தாவரவியல் புத்தகம் ஒன்றில் கருணைக்கிழங்கின் விஞ்ஞானப் பெயர் இருந்தது. அதில் இரண்டாவது சொல்லுக்குப் பொருள், பியோனியின் இலையைப் போன்ற இலை உள்ளது. பேர் வைத்தவர் யாரோ, அவருக்கும் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னேன். மாமி மீன் வெட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"புத்தகம் எழுதினவனே ரெண்டையும் போட்டுக் குழப்பி விட்டிருக்கிறான். மீன் வித்த மனிசி நான் விட்டதிலை என்ன பிழை?"

கனடாக் கிழங்கு என்ன ஆயிற்று என்று சொல்லவேண்டும். அதே வருடம் ஆவணி விடுமுறையிலேயே பியோன் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய அக்கா இன்னும் நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில்தான் இருந்தார். "குளிருன்னா அங்கிட்டுதாங்க. விடியக்காலைல புல்லு மேல வெள்ளையா பனி கெடக்கும். இவரு அங்க இருந்தாத்தான் எனக்கும் நிம்மதி." மாமி யோசித்து, சம்மதித்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். வழியில் பஸ்ஸில் யாரும் கேட்டால் இஞ்சி என்று சொல்லச் சொன்னார். இடம் மாற்றுவதைப் பற்றி இம்முறை மனைவி ஒன்றும் சொல்லவில்லை.

முதல் வருடம் இலை ஒன்றும் வரவில்லையாம். இரண்டாம் வருடம் மூன்று இலை. பியோன் விடுமுறைக்குப் போய்வந்து ஒரு கையை விரித்து இலையின் அளவைக் காட்டினார். அதன்பிறகு மாமியை இருக்கவிட முடியவில்லை. இரண்டாயிரத்தொன்றில் ஆமியிடம் பயணப் பாஸ் எடுத்து, பியோனையும் கூட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு மேல் பஸ் மாறி நாங்கள் எல்லாரும் மலைக்குப் போனோம்.

மாமி வாழ்நாளில் பார்க்காத குளிர். நானுஓயா தாண்டவே பல்லுக் கிடுகிடுத்தது. என் சுவெட்டர், மனைவியின் சால்வை, பியோனின் அக்கா தந்த கம்பளி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, இரண்டு கண் மட்டும் தெரிய லயத்தின் பின்பக்கம் போனார். கோவாப் பாத்தியின் ஓரத்தில் அது நின்றது. முழங்கால் உயரம். பச்சை இலைகள் பளபளவென்று. நுனியில் கடலை அளவில் ஒரு மொட்டு. அதில் உண்மையாகவே இரண்டு எறும்பு.

பியோனின் அக்கா பெருமையோடு நின்றார். பியோன் குந்தியிருந்து இலையைத் தடவினார். நாங்கள் மாமியைப் பார்த்தோம். மாமி கம்பளியை விலக்கி வாயை வெளியே எடுத்தார்.

"வடிவாய்த்தான் நிக்குது" என்றார். "ஆனால் இந்தக் குளிருக்கை மனிசர் எப்பிடி இருக்கிறது? தம்பி, அடுத்த பஸ் எத்தினை மணிக்கு?"

அடுத்த பஸ் இரண்டு மணிக்கு. அதுவரை மாமி அக்காவின் அடுப்படியை விட்டு அசையவில்லை. ஆறு கோப்பை வெறும் தேத்தண்ணீர் குடித்தார். தோட்டத்துக்கு மீன் எப்படி வருகிறது, அதற்கு ஐஸ் காணுமா என்று அக்காவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். அந்த மொட்டு விரியவில்லை என்று பிறகு அறிந்தோம். வெயில் போதவில்லையாம்.